கெட்டிமேளத்துக்கு முன்பே தயாராகுங்கள்: திருமணப் புகைப்படத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கெட்டிமேளம் முழங்கத் தொடங்கி மூன்றாவது முடிச்சு விழும்வரை அதிகம் போனால் அரை நிமிடம். அந்த அரை நிமிடத்துக்குள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் மேடையை நெருங்குவார்கள். அட்சதையும் பூவும் லென்ஸுக்கு முன்னால் பறக்கும். மாப்பிள்ளையின் கை மணப்பெண்ணின் முகத்தை மறைக்கும். வீடியோக்காரரின் விளக்கு திடீரென்று உங்கள் பக்கம் திரும்பும். இன்னொரு தடவை கட்டச் சொல்லி யாரிடமும் கேட்க முடியாது.

தமிழ்நாட்டில் இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் இளைஞர்கள் முதலில் கேட்பது எந்த கேமரா வாங்கலாம் என்பதைத்தான். அதையும் சொல்கிறேன். ஆனால் மேடையில் நிற்கும் இரண்டு போட்டோகிராபர்களில் ஒருவருக்கு மட்டும் நல்ல படம் கிடைக்கிறது என்றால், அடுத்த நிமிடம் என்ன நடக்கப்போகிறது என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது என்று பொருள். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த முன்னறிவை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பதுதான்.

முதல் சீசனை ஒருவரிடம் வேலை பார்த்துக் கழியுங்கள்

உங்கள் ஊரில் நல்ல பெயர் எடுத்த ஸ்டூடியோ ஒன்றில் லைட் பிடிக்கச் சேருங்கள். லைட் பிடிக்கிறவர் மேடையின் மீதே நிற்கிறார். எந்தச் சடங்குக்குப் பிறகு எது வருகிறது, கூட்டம் எந்தப் பக்கமிருந்து நெருக்குகிறது, சீனியர் எப்போது இடம் மாறுகிறார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெளிவாகத் தெரியும். சில மாதம் இப்படி நின்றாலே போதும், மந்திரம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைக் காதால் கேட்டே கண்டுகொள்ளும் பழக்கம் வந்துவிடும்.

கூடவே உறவினர் வீட்டுக் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, கிரகப்பிரவேசம் எதையும் விடாதீர்கள். அதே பட்டுப்புடவை, அதே மஞ்சள் பல்பு, அதே புகை, அதே நெருக்கடி அங்கேயும் உண்டு. தவறினால் வரும் பாரம் மட்டும் குறைவு. வளைகாப்பில் கண்ணாடி வளையல் கைக்குள் ஏறும் நொடியைப் பிடிக்கப் பழகியவருக்கு, மெட்டி போடும் நொடியைப் பிடிப்பது எளிது.

கையில் என்ன இருக்க வேண்டும்

இரண்டு மெமரி கார்டு போடும் வசதியுள்ள கேமரா. மற்ற எந்த அம்சத்தையும் விட்டுக்கொடுக்கலாம், இதை விடாதீர்கள். இரண்டு கார்டிலும் ஒரே படம் பதிவாகும்படி அமைத்துவிட்டால், ஒரு கார்டு செத்தாலும் ஒரு குடும்பத்தின் கல்யாணம் சாகாது. கேனான், நிக்கான், சோனி எதுவாக இருந்தாலும் சரி. புதிதாக ஒன்று வாங்கும் பணத்தில், நல்ல நிலையில் உள்ள பழைய கேமரா இரண்டு கிடைக்கும் என்றால் இரண்டாகவே வாங்கலாம். முகூர்த்த நேரத்தில் ஒன்று மக்கர் செய்தால் மற்றது தோளில் தொங்க வேண்டும். பழையதை வாங்கும்போது ஷட்டர் எத்தனை கிளிக் ஓடியிருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். நடுத்தர கேமராக்கள் பலவற்றின் ஷட்டருக்கு 1,50,000 முதல் 2,00,000 கிளிக் வரை ஆயுள் சொல்லப்படுகிறது. ஒரு கல்யாணத்துக்கு 3,000 படம் எடுத்தால் ஐம்பது கல்யாணத்திலேயே 1,50,000 வந்துவிடும்.

லென்ஸில் முதலில் 24-70 மி.மீ. எஃப் 2.8 (எஃப் எண் சிறிதாக இருந்தால் லென்ஸ் அதிக வெளிச்சத்தை உள்ளே விடும்). மண்டபத்தில் பாதி வேலைக்கு மேல் இதுவே செய்துவிடும். கையில் பணம் இறுக்கமாக இருந்தால் 50 மி.மீ. எஃப் 1.8 ஒன்றோடு தொடங்குங்கள். விலை குறைவு, இருட்டிலும் கைகொடுக்கும். 85 மி.மீ. முகங்களுக்கு அழகு. 70-200ஐ வாங்க அவசரம் வேண்டாம், தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுக்கலாம். ஃபிளாஷ் இரண்டு, அதற்கான பேட்டரிகள் தேவைக்கு மேல்.

நம் ஊர் ஈரக்காற்று லென்ஸின் எதிரி. சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவிலாவது வைக்காவிட்டால், மழைக்காலம் முடியும்போது கண்ணாடிக்குள் பூஞ்சை வெள்ளைக் கோலம் போட்டிருக்கும். ஏசி அறையில் மணப்பெண் அலங்காரத்தை எடுத்துவிட்டு நேராக வாசலுக்கு ஓடினால் லென்ஸ் முழுக்க ஆவி படியும். மாப்பிள்ளை அழைப்புக்கு வெளியே நிற்கப் போகும் கேமராவை அரை மணி முன்பே அறைக்கு வெளியே வைத்துவிடுங்கள்.

வீட்டாரோடு உட்கார்ந்து பேசுங்கள்

பேக்கேஜ் விலையைச் சொல்லி அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் நிறைய. ஒரு மணி நேரம் உட்காருங்கள். இரு வீட்டாரும் எந்த ஊர், எந்த முறைப்படி கல்யாணம், முகூர்த்தம் எத்தனை மணிக்கு, மண்டபம் எது, ரிசப்ஷன் முந்தைய நாள் மாலையா அன்றைக்கேவா என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பத்திரிகை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதில் யார் பெயர் எந்த வரிசையில் இருக்கிறது என்பதே குடும்பத்தைப் பற்றி நிறையச் சொல்லும்.

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. "அம்மா, தாரை வார்த்துக் கொடுக்கிறது யாரு?" என்று கேளுங்கள். அப்பா இல்லாத வீடு என்றால் அங்கேயே தெரிந்துவிடும். பெரியப்பாவோ தாய்மாமனோ கொடுப்பார் என்று சொல்வார்கள். பெற்றோர் பிரிந்து வாழ்கிறார்களா, பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பா யார், உடல்நிலை சரியில்லாத பாட்டி எந்த நேரத்தில் மண்டபத்துக்கு வருவார் என்பதெல்லாம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். நிறைந்த மேடையில் மைக் குரலில் "பொண்ணோட அப்பா மேல வாங்க" என்று ஒரு போட்டோகிராபர் கூப்பிட, அந்தப் பெண் தலை கவிழ்ந்து அழுததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு கேள்வியில் தவிர்த்திருக்கலாம்.

இரு பக்கத்திலும் விஷயம் தெரிந்த ஒருவரின் பெயரையும் எண்ணையும் வாங்கிவையுங்கள். பெரும்பாலும் மாமாவாகவோ அத்தையாகவோ இருப்பார்கள். குடும்பப் படம் எடுக்கும்போது யாரும் விட்டுப்போகாமல் கூட்டி வரப்போவது அவர்தான்.

எழுத்தில் வையுங்கள்

ஒரே பக்கம் போதும், தமிழிலேயே எழுதலாம். எத்தனை மணி நேரம், எத்தனை பேர் வருகிறீர்கள், ஆல்பம் என்ன அளவு, எத்தனை தாள், எத்தனை நாளில் கொடுப்பீர்கள், நேரம் கூடினால் என்ன கட்டணம், தேதி தள்ளிப்போனால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்று எல்லாம் அதில் வர வேண்டும். நெருங்கிய உறவில் சாவு விழுந்து கல்யாணம் தள்ளிப்போவது நடக்கிற விஷயம். அப்போது பணம் பற்றி வாய் திறக்கவே முடியாது. முன்பே எழுதியிருந்தால் திறக்க வேண்டிய அவசியமும் வராது.

படத்தின் உரிமை யாருக்கு என்பது பலருக்கும் தெரியாத இடம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, அதன் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துத் தனக்காக எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர் அவரே. வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே இது மாறும். அதாவது எழுத்தில் எதுவும் இல்லை என்றால் நீங்கள் எடுத்த கல்யாணப் படம் உங்களுடையது இல்லை. உங்கள் இன்ஸ்டாகிராமில் போடுவதற்கு அனுமதி வேண்டும். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. தன் கல்யாணப் படம் முகம் தெரியாதவர்களின் கைபேசியில் சுற்றுவதை விரும்பாத பெண்கள் நிறைய. மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். மணப்பெண்ணிடமே கேட்டு, எந்தப் படம் போடலாம் என்று அவர் சொன்னதை மட்டும் போடுங்கள்.

டிரோன் கேட்டால் உடனே தலையாட்ட வேண்டாம். 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்டதைத் தொழில்ரீதியாகப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவை. விமான நிலையம் பக்கம் உள்ள மண்டபம் என்றால் அந்த வான்பகுதியில் அனுமதியே இல்லாமல் இருக்கலாம். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் உள்ள வான்பகுதி வரைபடத்தில் பார்த்துவிட்டுப் பேசுங்கள். சான்றிதழ் உள்ளவரை அன்றைக்கு மட்டும் அழைத்துக்கொள்வது நல்லது.

சடங்கின் வரிசையைப் படியுங்கள்

எனக்கு இந்தத் தொழிலில் அதிகம் பிடித்த பகுதி இது. நம் ஊரில் ஒரே மாதிரிக் கல்யாணம் என்று ஒன்று கிடையாது.

பிராமணர் வீட்டில் காசி யாத்திரை, மாலை மாற்றுதல், ஊஞ்சல் என்று காலையே ஓட்டம் தொடங்கிவிடும். மாலை மாற்றும்போது மாமன்மார் பெண்ணையும் பிள்ளையையும் தூக்கிவிடுவார்கள். அகல லென்ஸோடு ஓரடி பின்னால் நின்றால்தான் சிரிப்பும் கைகளும் ஒரே படத்துக்குள் வரும். தாலி கட்டும்போது பெண் அப்பாவின் மடியில் உட்கார்ந்திருப்பாள். அந்த அப்பாவின் முகம்தான் படம். அவருக்கு எதிரில் ஒரு ஆள் கட்டாயம் நிற்க வேண்டும். பிறகு பாணிக்கிரகணம், சப்தபதி, அம்மி மிதித்தல், பொரியிடுதல். பொரியை எடுத்துக் கொடுப்பவன் பெண்ணின் சகோதரன். அண்ணன் தங்கை கைகள் சேரும் படம் அந்த நாளில் வேறெங்கும் கிடைக்காது.

கொங்கு வீட்டுக் கல்யாணத்தில் அருமைக்காரர் நடத்திவைப்பார். மாப்பிள்ளையின் சகோதரிக்கு இணைச்சீர் உண்டு. மங்கல வாழ்த்துப் பாடுவார்கள். முழுதாகப் பாட நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களின் முகங்களை எடுங்கள். நகரத்தார் வீட்டில் தாலி கட்டுவதைத் திருப்பூட்டுதல் என்பார்கள். கழுத்திரு என்ற பெரிய தங்க அணியை அதன் வேலைப்பாடு தெரியும்படி தனியாக எடுக்காமல் வந்தால் அவர்கள் மன்னிக்க மாட்டார்கள்.

சுயமரியாதைத் திருமணத்தில் புரோகிதர் இல்லை, தலைமை தாங்குபவர் இருப்பார். இந்து திருமணச் சட்டத்தில் 1967இல் செய்த தமிழ்நாட்டுத் திருத்தம், 7ஏ பிரிவு, இதைச் சட்டப்படி செல்லும் திருமணமாக்கியது. மாலை மாற்றிக்கொண்டாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். இங்கே உறுதிமொழி சொல்லும் தருணம்தான் முக்கியம். இருவரும் வாசிக்கும்போது பேப்பர் முகத்தை மறைக்காத கோணத்தை முன்பே பார்த்துவையுங்கள். வாழ்த்துரைகள் நீளும். பேசுபவரை இரண்டு படம் எடுத்தால் போதும், கேட்கும் மணமக்களின் பக்கம் திரும்புங்கள்.

நிக்காஹ் வைபவத்தில் பெண்கள் பகுதி தனியாக இருக்கும். அங்கே எடுக்கப் பெண் போட்டோகிராபர் வேண்டும். சம்மதம் கேட்பதும் பதிவேட்டில் கையெழுத்திடுவதும் அமைதியாக, வேகமாக முடியும். அசந்துவிடக் கூடாது. தேவாலயத்தில் பீடத்துக்கு எவ்வளவு அருகில் போகலாம், ஃபிளாஷ் போடலாமா என்பதைப் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ முந்தைய நாளே கேட்டுவிடுங்கள். கோயில் கல்யாணம் என்றால் நிர்வாக அலுவலகத்தில் கேளுங்கள். கோயில்களுக்குள் கைபேசியைத் தடை செய்யும்படி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்ட பிறகு பல இடங்களில் கெடுபிடி கூடியிருக்கிறது. கேமராவுக்கு எந்த மண்டபம் வரை அனுமதி என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எந்த முறையாக இருந்தாலும், நடத்திவைப்பவரை முகூர்த்தத்துக்கு ஒரு மணி முன்பே பார்த்து வணக்கம் சொல்லுங்கள். "சாமி, தாலி கட்டும்போது மாப்பிள்ளை எந்தப் பக்கம் நிப்பார்? நாத்தனார் எங்க நிப்பாங்க?" என்று கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார். நாம் மரியாதையோடு கேட்டுவிட்டால், மாங்கல்யத்தைத் தூக்கிக் காட்டும்போது அவரே நம் பக்கம் ஒரு நொடி திரும்பி நிற்பார்.

வெளிச்சத்தோடு பழகுங்கள்

முந்தைய நாள் மாலையே மண்டபத்துக்குப் போங்கள். மேடையில் ஒருவரை உட்காரவைத்து எடுத்துப் பாருங்கள். மேற்கூரை வெள்ளையாகவும் தாழ்வாகவும் இருந்தால் ஃபிளாஷை மேலே திருப்பி அடிக்கலாம். உயரமான தகரக் கூரையோ கறுப்புத் துணியோ என்றால் வெளிச்சம் திரும்பி வராது. பக்கவாட்டில் வெளிச்சத்தை மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸ் வைக்க வேண்டியிருக்கும்.

இப்போது மேடைக்குப் பின்னால் எல்இடி வால் (பெரிய திரைச்சுவர்) வைப்பது வழக்கமாகிவிட்டது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்குகின்றன. அதனால் ஷட்டரை 1/50, 1/100 என்று வைத்தால் வெளிச்சம் ஒரே சீராக விழும். எல்இடி வாலின் மினுக்கல் வேறு கணக்கு. கோடு கோடாக விழுந்தால் ஷட்டர் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, கோடு மறையும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை இங்கே நம்பாதீர்கள். ஊதாவும் பச்சையுமாக முகத்தில் அடிக்கும் பார் லைட் என்ற வண்ண விளக்குகளை முகூர்த்த நேரத்துக்கு அணைக்கச் சொல்லி டெகரேஷன்காரரிடம் முன்பே பேசிவையுங்கள். அரக்குப் புடவை அந்த வெளிச்சத்தில் ரோஸாக மாறிவிட்டால், பிறகு எந்த மென்பொருளும் அந்த நிறத்தைத் திருப்பித் தராது.

ரா கோப்பாகவே, அதாவது கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாகவே எடுங்கள். மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி, பெண்ணின் சரிகை, இருவரின் தோல் மூன்றும் ஒரே படத்தில் வரும்போது கேமராவின் தானியங்கிக் கணக்கு தடுமாறும். வேட்டியைப் பார்த்துப் படத்தை இருட்டாக்கும், அல்லது கறுத்த முகத்தைப் பார்த்து வேட்டியை வெளுக்க வைக்கும். முகத்துக்கு வெளிச்சத்தைச் சரிசெய்துவிட்டு, வேட்டியில் மடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மாநிறத்தையும் கறுப்பையும் எடிட்டிங்கில் வெளுக்காதீர்கள். "கொஞ்சம் கலராக்கிக் கொடுங்க தம்பி" என்று வீட்டில் யாராவது கேட்கத்தான் செய்வார்கள். பருவை நீக்கலாம், சோர்வைக் குறைக்கலாம். நிறத்தை மாற்றினால் ஆல்பத்தில் இருப்பது வேறு ஒரு பெண். கறுத்த தோலில் பக்கவாட்டு வெளிச்சம் விழும்போது வரும் மினுமினுப்பை ஒரு படமாக எடுத்து அச்சிட்டுக் காட்டுங்கள். கேட்டவரே பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஹோமப் புகையில் நேர் ஃபிளாஷ் அடித்தால் வெள்ளைச் சுவர்தான் கிடைக்கும். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், அல்லது மணமக்களுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வரும்படி ஒரு விளக்கை வையுங்கள். புகை அப்போது அழகாகத் திரளும்.

அந்த அரை நிமிடம்

வீடியோ எடுப்பவரோடு முன்பே பேசி இடம் பிரித்துக்கொள்ளுங்கள். வழக்கமாக அவருக்கு நடு, உங்களுக்கு ஒரு பக்கம், இரண்டாவது ஆள் இருந்தால் மறுபக்கம். மாப்பிள்ளையின் வலது கை வரும் பக்கம் நின்றால் பெண்ணின் முகம் மறைந்துவிடும். எதிர்ப்பக்கம் சற்றுத் தாழ்வாக, முழங்காலிட்டு நிற்பது நல்லது. பின்னால் இருக்கும் பெரியவர்களுக்கும் மறைக்காது.

தாலித் தட்டு அட்சதையோடு சபைக்குள் ஆசீர்வாதத்துக்குப் போகும்போதே புது பேட்டரி, காலி கார்டு. ஷட்டர் 1/200, எஃப் 4, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) தேவைக்கு ஏற்ப. மங்கலாவதைவிட, ஐஎஸ்ஓ ஏறிப் படத்தில் புள்ளி விழுவது மேல். ஃபிளாஷை முழு சக்தியில் வைத்தால் இரண்டாவது கிளிக்குக்குத் திணறும். ஐஎஸ்ஓவை ஏற்றி ஃபிளாஷைக் குறைத்துவிடுங்கள். பறக்கும் அரிசிமேல் ஃபோகஸ் தாவாதபடி ஒற்றைப் புள்ளியைப் பெண்ணின் கண்ணில் வையுங்கள்.

இனி கேமராத் திரையைப் பார்க்க வேண்டாம், புரோகிதரின் கையைப் பாருங்கள். தவில்காரருக்கு அவர் விரலை ஆட்டிச் சைகை காட்டுவார். கெட்டிமேளம் அந்தச் சைகைக்குப் பிறகுதான் வரும். அந்த ஒரு விநாடி உங்களுக்கு மட்டும் கிடைக்கும் முன்னெச்சரிக்கை. முதல் முடிச்சுக்கு அகலமாக, பிறகு நெருக்கமாக, நாத்தனார் முடிச்சுப் போடும்போது அவரையும் சேர்த்து. முடிந்ததும் கேமராவை இறக்கிவிடாதீர்கள். பெண்ணின் அம்மா கண்ணைத் துடைப்பது அதற்கு அடுத்த பத்து விநாடிக்குள்.

ரிசப்ஷன், குடும்பப் படம்

ரிசப்ஷன் உடம்பு உழைப்பு. இரண்டு பக்கமும் விளக்கு, எஃப் 5.6 அல்லது 8, மூன்று மணி நேரம் நிற்க வேண்டும். கவர் கொடுக்கும் கையோடு எடுக்காமல், கொடுத்து முடித்து நிமிர்ந்ததும் எடுங்கள். குழந்தையை முன்னால் நிறுத்துங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு கிளிக், யாராவது ஒருவர் கண்மூடியிருப்பார்.

குடும்பப் படத்தை முகூர்த்தம் முடிந்ததும், பந்திக்கு எல்லோரும் கலைவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். முன்பே பெயர் வாங்கிவைத்தீர்களே, அந்த மாமாவை இப்போது கூப்பிடுங்கள்.

தாத்தா பாட்டிகளைத் தனியாக எடுப்பதை யாரும் உங்களிடம் கேட்க மாட்டார்கள். கேட்காமலே எடுங்கள். பட்டு வேட்டி, நெற்றியில் திருநீறு, முகத்தில் பேரன் கல்யாணம் பார்த்த நிறைவு. நல்ல உடையில், நல்ல வெளிச்சத்தில் அவர்கள் கேமரா முன்னால் உட்காருவது அநேகமாக அன்றுதான். பின்னாளில் கூடத்துச் சுவரில் மாலை போட்டு மாட்டும் படத்தைத் தேடும்போது பிள்ளைகள் புரட்டுவது கல்யாண ஆல்பத்தைத்தான். குழுப் படத்திலிருந்து வெட்டி எடுத்த மங்கலான முகமாக அது இருக்க வேண்டாம். பின்னால் வெறும் சுவர், ஜன்னல் வெளிச்சம், இரண்டு நிமிடம். நாற்காலியை நீங்களே தூக்கிக்கொண்டு போங்கள்.

நடந்துகொள்ளும் விதம்

மணப்பெண் அறைக்குள் கதவைத் தட்டாமல் போகக்கூடாது. குழுவில் ஒரு பெண் இருந்தால் அலங்காரப் படங்கள் இயல்பாக வரும். பெண்ணுக்கும் மனசு லேசாக இருக்கும். மணமக்களைத் தொட்டு நிறுத்தாதீர்கள். எப்படி நிற்க வேண்டும் என்று நீங்கள் நின்று காட்டுங்கள். "அண்ணா, கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க", "பெரியம்மா, ஒரே ஒரு நிமிஷம்" என்ற குரலுக்கு எந்தக் கூட்டமும் வழிவிடும். சபைக்கு முதுகைக் காட்டி மேடை நடுவில் நெடுநேரம் நிற்பவரை மண்டபமே வெறுக்கும்.

உங்களோடு வந்தவர்களுக்குச் சாப்பாடு எந்தப் பந்தியில் என்று முன்பே பேசிவிடுங்கள். அவர்கள் கூலியை அன்றைக்கே கையில் கொடுங்கள். வீட்டார் பேலன்ஸ் தராதது லைட் பிடித்த பையனின் பிரச்சினை ஆகக்கூடாது. ஸ்பீக்கருக்கும் தவிலுக்கும் பக்கத்தில் மணிக்கணக்கில் நிற்கும் தொழில் இது. காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள்.

படங்களைக் காப்பாற்றுங்கள்

மண்டபத்தில் எந்தப் படத்தையும் அழிக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும், எவ்வளவு தூக்கம் வந்தாலும், இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிவிட்டுப் படுங்கள். ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். நான்கைந்து கோப்புகளையாவது திறந்து பார்த்த பிறகே கார்டை ஃபார்மேட் செய்யலாம். ஆல்பம் கொடுத்த பிறகும் எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

முதல் வாரத்திலேயே நல்ல படங்கள் கொஞ்சம் எடிட் செய்து கொடுத்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணத்தை 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். அந்த வேலைக்குக் கல்யாணப் படம் தேவைப்படலாம். ஆல்பம் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கக் கூடாது.

ஆல்பம்

12க்கு 36 அங்குலம் விரியும் கரிஷ்மா ஆல்பம்தான் இன்றும் பெரும்பாலான வீடுகளில் கேட்பது. ஒரு விரிப்பில் நான்கைந்து படத்துக்கு மேல் திணிக்க வேண்டாம். மடிப்பு விழும் நடுக்கோட்டில் யார் முகமும் வரக்கூடாது. படத் தேர்வை வீட்டாரிடம் விட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். நீங்களே ஒரு வரிசை அமைத்து, மாற்ற வேண்டியதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். பெயர்களின் எழுத்தைப் பத்திரிகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அச்சுக்கு அனுப்பும் முன் ஒரே ஒரு பக்கத்தைச் சோதனையாக அடித்து, குங்குமமும் தோலும் சரியான நிறத்தில் வருகிறதா என்று பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

கணக்கும் காலமும்

தேதி பிடிக்க ஒரு பங்கு, கல்யாணத்துக்கு முந்தைய நாளுக்குள் பெரும் பங்கு, ஆல்பம் கொடுக்கும்போது சிறு பங்கு. இந்த வரிசை மாறினால் பேலன்ஸுக்கு அலைய வேண்டியிருக்கும். விலை சொல்லும் முன், ஒரு ஆர்டரில் இரண்டாவது ஆள், வீடியோ, எடிட்டர், அச்சு, பயணம், கேமராத் தேய்மானம் எல்லாம் போக உங்கள் உழைப்புக்கு என்ன மிஞ்சுகிறது என்று தாளில் எழுதுங்கள். கல்யாண நாள் ஒன்றுதான், அதற்குப் பின்னால் எடிட்டிங் பல நாள். அந்த நாட்களுக்கும் சம்பளம் போட்டுப் பாருங்கள். பக்கத்து ஸ்டூடியோவைவிடக் குறைத்துச் சொல்லிப் பிடித்த ஆர்டர், அடுத்த ஆர்டரையும் அதே விலைக்கு இழுத்து வரும். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், ஆன்லைனிலேயே முடியும். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். நெருங்கும்போதே ஆடிட்டரைப் பாருங்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. தையிலும் ஆவணியிலும் வரும் பணத்தில் அந்த மாதங்களுக்கு ஒதுக்கிவிட வேண்டும். ஆடியில் சென்சாரைச் சுத்தம் செய்யக் கொடுங்கள், லென்ஸ்களை வெளிச்சத்தில் பிடித்துப் பூஞ்சை பாருங்கள், நிலுவையில் இருக்கும் ஆல்பங்களை முடித்துக் கொடுங்கள். ஆல்பத்தை நீங்களே நேரில் கொண்டுபோங்கள். வீட்டார் உட்கார்ந்து புரட்டும்போது எந்தப் பக்கத்தில் நிற்கிறார்கள், எதைத் திருப்பிவிட்டுப் போகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து கவனித்து, அதை நோட்டில் குறித்துக்கொண்டு, ஆவணி முதல் முகூர்த்தத்துக்குக் கிளம்பும் முன் ஒருமுறை படியுங்கள்.